உத்தியோகப் பெயருக்குப் பெண்பால் எதற்கு?

(பாளையங்கோட்டையில் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் இரண்டொரு விகுதியைப் பற்றியதாகும். "நாட்டில் எத்தனையோ காரியம் கிடக்க, இவர்கள் இலக்கணப் பண்டிதர் வேலைக்குக் கிளம்பிவிட்டார்களே" என்று சிலர் நினைக்கலாம். நமக்கு இலக்கணத்தினிடத்தில் பெரிய காதல் ஒன்றும் கிடையாது. ஆனால் ஒருவருடைய பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் வாலில்தான் அவருடைய மானமும், சில சமயங்களில் அவருடைய சம்பளமும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. 1929-ம் வருஷம் செங்கற்பட்டு மகாநாட்டில் ஜாதிப் பட்டங்களை விட்டுவிடவேண்டும் என்று சொன்னபோதும், "பெயரின் வாலை அறுத்தால் ஜாதி போய்விடுமா?" என்று பரிகாசம் செய்தார்கள். ஜாதி போய்விடவில்லைதான். ஆனால் பட்டத்தோடு கையெழுத்துப் போடக் கூசாத வாலிபரை இன்று தமிழ்நாட்டில் காண்பது அருமை. அந்தக் கூச்சமே ஒரு லாபம் என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் இங்கிலீஷ்காரர் கதையைப் பார்ப்போம். ஏனெனில் இந்த வியாதியில் ஒரு பாதியை இங்கு கொண்டுவந்து இறக்கியவர்களும், இப்போது அதை முந்தி உதறிக்கொண்டிருப்பவர்களும் அவர்களே. ஆக்டர் என்றால் ஆண், ஆக்ட்ரஸ் என்றால் பெண். ஆத்தருக்கு ஆத்தரஸ், போயட்டுக்குப் போயட்டஸ், மானேஜருக்கு மானேஜரஸ், ஸ்டூவர்டுக்கு ஸ்டூவர்டஸ். ஒரு காலத்தில் டாக்டருக்கும் டாக்ட்ரஸ் என்று ஒன்று இருந்தது, அது செத்துப்போயிற்று. இவையெல்லாம் வெறும் ஆண், பெண் அடையாளம்தானே, இதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். குற்றம் எங்கே என்பதற்கு அவர்கள் அகராதியிலிருந்தே இரண்டு ஜோடிகளைக் காட்டுவோம்.

கவர்னர் என்றால் மாகாணத்தை ஆளுகிறவர். அதற்குப் பெண்பால் கவர்னஸ். கவர்னஸ் எதை ஆளுகிறார் தெரியுமா? பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து, முகம் கழுவிவிட்டுத் தூங்கவைக்கிறார்! 1989-ல் சுப்ரீம் கோர்ட்டின் முதல் பெண் நீதிபதியான பாத்திமா பீவி அவர்கள் 1997 முதல் 2001 வரை நமது தமிழ்நாட்டுக்குக் கவர்னராக இருந்தார். அவரை இலக்கணப்படி கவர்னஸ் என்று யாராவது கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டாவது ஜோடி மாஸ்டரும் மிஸ்ட்ரஸும். மாஸ்டர் எஜமானன், மிஸ்ட்ரஸ் எஜமானியாக இருந்து, கடைசியில் வைப்பாட்டியாகிவிட்டாள். ஆண்பால் சொல் மாடியில் இருக்க, பெண்பால் சொல் மட்டும் படி இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

இன்னொரு விசித்திரம் ஸ்பின்ஸ்டர் என்ற சொல். ஸ்பின் என்றால் நூற்பது. பழைய இங்கிலீஷில் 'ஸ்டர்' என்பதும் பெண்பால் விகுதிதான். நெய்கிற பெண் வெப்ஸ்டர், ரொட்டி சுடுகிற பெண் பாக்ஸ்டர், பீர் காய்ச்சுகிற பெண் ப்ரூஸ்டர். அந்தத் தொழில்கள் லாபமாகி ஆண்கள் கைக்குப் போனவுடன் இந்தப் பெயர்களும் அவர்கள் குடும்பப் பெயர்களாகிவிட்டன. ஸ்பின்ஸ்டர் மட்டும் பெண்களிடமே தங்கி, நூல் நூற்பவள் என்ற அர்த்தம் போய், கலியாணமாகாமல் வயது போனவள் என்று ஏளனமாயிற்று. சீமையில் கலியாண ரிஜிஸ்தரிலிருந்து இந்தச் சொல்லை 2005-ல்தான் எடுத்தார்கள். இங்கே சுப்ரீம் கோர்ட்டார் 2023 ஆகஸ்டில் நீதிபதிகளுக்கென்று ஒரு கைப்புத்தகம் போட்டு, பெண்களைப்பற்றித் தீர்ப்புகளில் எழுதக்கூடாத சொற்களை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். கோர்ட்டுக்கே அது வேண்டியிருக்கிறது என்றால் நாம் பேசுவதில் தப்பில்லை.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் புத்தி, நம் செந்தமிழில் ஏது?" என்று மார்தட்டும் தோழர்கள் கொஞ்சம் பொறுக்கவேண்டும். கூத்தர் என்றால் கூத்தாடுகிறவர், கலைஞர். அதன் பெண்பால் கூத்தி. அந்தக் கூத்தியும் அவள் வாலாகிய கூத்தியாளும் இன்று நம் பேச்சில் என்ன அர்த்தத்தில் வழங்குகின்றன என்பதைத் தாய்மார்கள் முன்னிலையில் விரித்துச் சொல்லவேண்டியதில்லை. மிஸ்ட்ரஸுக்கு அங்கே நேர்ந்த கதி கூத்திக்கு இங்கே நேர்ந்தது. ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு செய்ததல்ல! இரண்டு நாட்டிலும் சொல்லை வழங்கியவன் ஆண்பிள்ளை, அவ்வளவுதான்.

அதைவிடக் கேவலம் தேவரடியார் கதை. கல்வெட்டுகளில் அது மரியாதையான பெயர். அடியார் ஆணாக இருந்தால் அறுபத்துமூவரில் ஒருவராகிப் பிராகாரத்தில் கல்லாய் நிற்கிறார், மாலை விழுகிறது. (அந்த அறுபத்துமூவரில் பெண்கள் மூன்றே பேர் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.) அடியார் பெண்ணாகப் பிறந்து, கோவிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்டால், அந்தப் பெயரே நாளடைவில் தேய்ந்து தெருச்சண்டையில் எறியும் கல்லாகிவிட்டது. அந்தத் தொழிலை அவள்மேல் சுமத்தியவர்களுக்கும் அதை அனுபவித்தவர்களுக்கும் அப்படியொரு பெயர் தமிழில் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் 1920-களின் கடைசியில் சென்னைச் சட்டசபையில் ஆரம்பித்துவைத்த அந்தப் போராட்டம் 1947-ல்தான் முழுச் சட்டமாயிற்று. சட்டம் பொட்டுக்கட்டுவதை நிறுத்திற்று. வசைச்சொல் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறது.

அந்த அம்மையார் 1912-ல் வைத்தியப் பரீட்சையில் தேறி வந்தபோது அவரை எப்படி அழைப்பது? மருத்துவர் என்பதற்குப் பெண்பால் மருத்துவச்சி என்று ஒரு சொல் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அது பேறுகாலம் பார்க்கிற பெண்ணுக்கு, அதுவும் பெரும்பாலும் சவரத் தொழில் செய்கிற குடும்பத்துப் பெண்ணுக்குக் கொடுத்த பெயர். கிராமத்தில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் பிறந்தாலும், அவருக்கு ஒரு படி நெல்லும் ஒரு பழைய சேலையுமே மிச்சம். தோழர்களே! அந்த விகுதியைக் கவனியுங்கள். இடைச்சி, குறத்தி, வண்ணாத்தி என்று ஜாதிப் பெண்ணைச் சுட்டும் வாலும், மருத்துவச்சி என்று தொழில் பெண்ணைச் சுட்டும் வாலும் ஒரே குடும்பம். பால்காரர், கடைக்காரர் என்று ஆணுக்கு 'அர்' வருகிறது. மீன்காரி, கீரைக்காரி, வேலைக்காரி என்று பெண்ணுக்கு வருவது 'இ'. அது வெறும் பெண்பால் விகுதி மாத்திரமல்ல. மரியாதையைக் கழித்த விகுதி.

இனிச் சம்பளத்துக்கு வருவோம். பெயர் வேறாக இருந்தால் வேலையும் வேறு என்று சொல்லிவிடலாம். வேலை வேறு என்றால் கூலியும் வேறு, சட்டதிட்டமும் வேறு. இதற்கு ஒரு பிரத்தியட்ச உதாரணம் சொல்லுகிறோம். ஏர் இந்தியாக் கம்பெனி ஆகாயக் கப்பலில் பிரயாணிகளைக் கவனிக்க ஆண்களையும் பெண்களையும் வைத்திருந்தது. ஆணுக்குப் பெயர் பர்ஸர். பெண்ணுக்குப் பெயர் ஏர் ஹோஸ்டஸ். அதாவது விருந்து உபசரிக்கிறவள். நம்மவர் அதை விமானப் பணிப்பெண் என்று மொழிபெயர்த்தார்கள். வீட்டில் பாத்திரம் கழுவுகிறவரும் பணிப்பெண்தான். பர்ஸர் 58 வயது வரை வேலை பார்க்கலாம். ஹோஸ்டஸோ 35 வயதில் வீட்டுக்குப் போகவேண்டும். மானேஜிங் டைரக்டர் மனது வைத்தால் வருஷம் வருஷமாக 45 வரை நீட்டிக்கொள்ளலாம். அதற்குள்ளேயே, சேர்ந்து நான்கு வருஷத்துக்குள் கலியாணம் செய்தால் வேலை போயிற்று. முதல் கர்ப்பம் தரித்தாலும் போயிற்று. பர்ஸர் எத்தனை பிள்ளை பெற்றாலும் ஆகாயக் கப்பல் சாய்ந்துவிடாது போலும்!

நர்கேஷ் மிர்ஸா என்ற பெண்மணியும் மற்றவர்களும் வழக்காடினார்கள். 1981-ல் சுப்ரீம் கோர்ட்டு என்ன சொல்லிற்று? கர்ப்பம் தரித்தால் நீக்குவது அநியாயம் என்று அந்த விதியை ரத்துச் செய்தது. டைரக்டருடைய மனம்போன அதிகாரத்தையும் ரத்துச் செய்தது. இவை நல்ல காரியங்கள். ஆனால் பர்ஸருக்கு ஒரு வயது, ஹோஸ்டஸுக்கு ஒரு வயது என்பது பாரபட்சம் அல்லவா என்ற மூலக் கேள்விக்கு, இவ்விருவரும் வெவ்வேறு உத்தியோக வகுப்பினர், ஆதலால் ஒப்பிட இடமில்லை என்று முடிவாயிற்று. நான்கு வருஷக் கலியாணத் தடையும் நிலைத்தது. ஆளெடுக்கிற முறையும், சம்பளப் படியும், பதவி உயர்வும் வேறுபட்டிருப்பதைக் கோர்ட்டார் காரணமாகக் காட்டினார்கள். அவற்றையெல்லாம் முதலில் வேறாக்கி வைத்தது யார்? கம்பெனி. பெயரை இரண்டாகப் பிரித்தது யார்? அதே கம்பெனி. தானே ஒரு சுவரை எழுப்பிவிட்டு, "இருவருக்கும் நடுவே சுவர் இருக்கிறது பாருங்கள்" என்று சாட்சி சொன்ன மாதிரி இது.

ஆகாயத்தை விட்டு நம் தாம்பிரவருணிக் கரைக்கு இறங்குவோம். எந்த ஊரிலாவது வீடு கட்டுகிற இடத்தில் போய் நில்லுங்கள். கரண்டி பிடிக்கிறவர் கொத்தனார். பெயரிலேயே 'ஆர்' என்ற மரியாதை சேர்ந்திருக்கிறது. கல்லும் மண்ணும் கலவையும் தலையில் சுமந்து ஏணியில் ஏறுகிற பெண் சித்தாள், பெயரிலேயே சிறுமை. சித்தாளாக வந்த பையன் நாலைந்து வருஷத்தில் கரண்டி பிடிக்கப் பழகிக் கொத்தனாராகிவிடுகிறான். அவனோடு கூட வந்த பெண், பேரன் எடுத்த பிறகும் சித்தாள்தான். கொத்தனார் என்பதற்குத் தமிழில் பெண்பாலே உண்டாகவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். தேவைப்படவில்லை! ஆகவே வால் ஒட்டுவது ஒரு தந்திரம். வால் ஒட்டக்கூட இடமில்லாமல் வாசலையே அடைத்துவிடுவது அதைவிடப் பெரிய தந்திரம்.

மேலப்பாளையம், முக்கூடல், கடையம், ஆலங்குளம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. 1966-ம் வருஷத்துச் சட்டப்படி வீட்டிலிருந்து சுற்றுகிறவரும் தொழிலாளிதான். ஆனால் அவர் புருஷனைக் கேட்டுப் பாருங்கள்: "அவ வீட்டுல சும்மாதான் இருக்கா; பீடி சுத்துதா" என்பார். காலையில் இலை நனைத்து இரவு விளக்கு வைத்த பிறகும் விரல் ஓயாமல் இருப்பதற்கு நம் சீமையில் பெயர் 'சும்மா'! தறியில் நூல் நெய்கிறவர் நெசவாளர். ஆற்றங்கரைக் கோரையைக் கிழித்து, ஊறவைத்து, பட்டுத் துணிபோல் மடிக்கும்படி பாய் நெய்கிற பத்தமடைப் பெண்ணோ 'பாய் முடைகிறவள்'. முக்கூடற்பள்ளு என்று நம் ஜில்லாவின் பெருமையாகச் சொல்லும் நூலில் வயல் வேலைகள் எவ்வளவோ வருகின்றன. ஆனால் அதில் வரும் பெண்களுக்குப் பிரதானமான பெயர் மூத்தவள், இளையவள் என்பதுதான். அதாவது யாருக்கு எத்தனையாவது மனைவி என்பது. நாற்று நட்ட கைக்குத் தனிப் பெயரில்லை.

மனைவி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. வாத்தியாரம்மா என்றால் யார்? பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லுகிற பெண்ணா, வாத்தியாரைக் கட்டிக்கொண்ட பெண்ணா? இரண்டும்தான். உபதேசியாரம்மா, கலெக்டரம்மா, தாசில்தாரம்மா எல்லாம் இப்படியே. ஒரு பெண் பரீட்சை எழுதி ராப்பகலாய்ப் படித்து அடைகிற பெயரும், இன்னொரு பெண் தாலி கட்டிக்கொண்டு அடைகிற பெயரும் ஒன்று. ஆனால் பஞ்சாயத்தில் மட்டும் இது தலைகீழாகிவிடுகிறது பாருங்கள்! 1993-ல் அரசியல் சட்டத் திருத்தத்தால் மூன்றில் ஒரு பங்கு ஸ்தானம் பெண்களுக்கு வந்தது. 2016-ல் தமிழ்நாட்டில் அது பாதியாயிற்று. ஜெயித்தது மனைவி. ஊரில் பிரசிடெண்ட் என்று கூப்பிடப்படுகிறவரோ, பல இடங்களில், அவருடைய புருஷன்! பெண்பிள்ளை சம்பாதித்த பட்டத்தை அவர் ஒரு விகுதிகூடச் சேர்க்காமல் முழுசாக எடுத்துக்கொள்ளுகிறார்.

பாளையங்கோட்டையைத் தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்கிறார்கள். 1895-ல் சாரா டக்கர் கலாசாலை ஏற்பட்ட ஊர். எத்தனையோ தலைமுறைப் பெண்கள் இங்கே படித்து உபாத்திமை செய்யப் போயிருக்கிறார்கள். அதனால் பள்ளிக்கூடத்துச் சொற்களை இங்கே பிரஸ்தாபிப்பது பொருத்தம். டீச்சர் என்ற இங்கிலீஷ் சொல்லுக்கு அந்தப் பாஷையில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, பொதுச்சொல். அது கப்பலேறி நம்மிடம் வந்ததும் பெண்ணாகிவிட்டது! நம் பிள்ளைகளுக்கு டீச்சர் என்றால் பெண், ஆணாயிருந்தால் சார். வெள்ளைக்காரன் வால் ஒட்டாமல் அனுப்பிய சரக்குக்கு நாம் வால் ஒட்டிக்கொண்டோம். 'மிஸ்' என்று கூப்பிடுவது அதைவிட வேடிக்கை. மிஸ் என்றால் கலியாணமாகாதவள். சீமையில் ஒரு காலத்தில் உபாத்தியாயினிகள் கலியாணம் செய்தால் வேலையை விடவேண்டியிருந்தது. 1944-ம் வருஷத்துக் கல்விச் சட்டம்தான் அந்தத் தடையை நீக்கிற்று. அந்த அநியாயத்தின் எச்சம், மூன்று பிள்ளைகளின் தாயைப் பார்த்துக் 'குட்மார்னிங் மிஸ்' என்று நம் குழந்தைகள் வாயில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

இவ்வளவுக்கும் தமிழில் பரிகாரம் தேட வெளியே போகவேண்டியதே இல்லை. 'அர்', 'ஆர்' என்ற விகுதி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. மரியாதையும் அதிலேயே அடங்கியிருக்கிறது. ஔவையார், காக்கைபாடினியார் என்று பழைய பெண்களை அப்படித்தான் சொன்னார்கள், அவர்கள் புலவர்களே. புலவர் என்பதற்குப் பெண்பால் வேண்டுமென்று புலவி என்றால் அதற்கு ஊடல் என்று அர்த்தம் வந்துவிடும்! மருத்துவர், ஆசிரியர், தலைவர், அமைச்சர், ஓட்டுநர் எல்லாம் இருபாலுக்கும் செல்லும். 1993-ல் கன்னியாகுமரி ஜில்லாவைச் சேர்ந்த வசந்தகுமாரி அவர்கள் சர்க்கார் பஸ் ஓட்ட வந்தபோது புதுச் சொல் தேடவேண்டியிருக்கவில்லை. திருநெல்வேலி மாநகராட்சிக்கு 1996-ல் உமா மகேசுவரி அவர்கள் முதல் மேயராக வந்தபோதும் மேயர்தான். இந்திக்காரர் பட்ட அவஸ்தையைப் பாருங்கள்: ஜனாதிபதிக்கு அவர்கள் வைத்த பெயர் ராஷ்டிரபதி. பதி என்றால் தலைவன்; புருஷன் என்றும் அர்த்தம். 2007-ல் பிரதீபா பாட்டீல் வந்ததும் என்ன செய்வது என்று திகைத்தார்கள். 2022 ஜூலையில் ஒரு பார்லிமெண்டு மெம்பர் திரௌபதி முர்மு அவர்களை ராஷ்டிரபத்னி என்று சொல்லிவிட, சபையே நடக்கமுடியாதபடி ரகளையாகி, அவர் மன்னிப்புக் கேட்டு எழுதினார். நமக்குக் குடியரசுத் தலைவர் என்ற சொல்லில் இந்த வம்பே இல்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதைப் பரிகாசம் செய்து தள்ளிவிட முடியாது. "பொதுச்சொல் என்று சொல்லிப் பெண்ணை மறைத்துவிடுவீர்கள். ஆசிரியர் என்றால் மனதில் ஆண்தானே வந்து நிற்கிறான்?" என்று சில பெண்மணிகளே கேட்கிறார்கள். ஜெர்மனியில் 2005-ல் ஆஞ்சலா மெர்க்கல் சான்சலரானபோது பெண்பால் விகுதி சேர்த்தே அழைத்தார்கள். பிரான்சிலோ பெண்கள் தங்களுக்குப் பெண்பால் பட்டம் வேண்டுமென்று கேட்டு, அந்த நாட்டு அகாடமி பல காலம் முரண்டு பிடித்து, 2019-ல்தான் ஒப்புக்கொண்டது. அந்தப் பாஷைகளில் பொதுச்சொல் என்று நடமாடுவது அசலில் ஆண்பால் சொல்லே. ஆகையால் அவர்கள் கேட்டது நியாயம்தான். இங்கிலீஷ்காரர் 2021-ல் கிரிக்கெட் சட்டத்தில் பாட்ஸ்மனை எடுத்துவிட்டுப் பாட்டர் என்று போட்டதும் அதே நியாயம்தான், வழி வேறு. நம்முடைய 'அர்' ஆணுக்கு மட்டும் பிறந்ததல்ல. அதை ஆண்கள் ஆக்கிரமித்திருக்கிறார்கள். ஆக்கிரமிப்பைக் காலி செய்யச் சொல்லவேண்டுமே தவிர, பக்கத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு போய்விடக் கூடாது என்பது நமது கட்சி.

பொதுச்சொல் மட்டும் போதும் என்று நாம் ஏமாறவும் இல்லை. 1897-ம் வருஷத்துப் பொதுச் சொற்பொருள் சட்டத்தில், ஆண்பாற் சொல் பெண்ணையும் குறிக்கும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அப்படியிருந்தும் 1916-ல் ரெஜினா குகா என்ற பெண்மணி பி.எல். பாஸ் செய்து வக்கீலாகப் பதிவு செய்யக் கேட்டபோது, கல்கத்தா ஐக்கோர்ட்டு பெண்ணுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டது. சட்டத்தில் 'அவன்' என்று இருக்கிறதே, அதில் பெண் அடங்குவாளே என்ற வாதம் செல்லவில்லை. 1923-ல் தனிச் சட்டம் போட்ட பிறகுதான் அந்தத் தடை ஒழிந்தது. வரி கட்டவும் தண்டனை அனுபவிக்கவும் மட்டும் 'அவன்' என்பதில் பெண் எந்தத் தகராறும் இல்லாமல் அடங்கிவிடுவாள்!

ஆகவே கூட்டத்திலுள்ள உபாத்தியாயர்கள் பள்ளிக்கூடப் பலகையில் தலைமை ஆசிரியை என்பதைத் தலைமை ஆசிரியர் என்று எழுதச் சொல்லலாம். ஒரு டப்பா பெயிண்டுக்கு மேல் செலவில்லை. பஞ்சாயத்து மெம்பர்கள் பிரசிடெண்ட் என்று கூப்பிடுமுன் மினிட் புத்தகத்தில் கையெழுத்து யாருடையது என்று பார்த்துக்கொள்ளலாம். வீடு கட்டுகிற தோழர்கள் சித்தாள் வேலைக்கு வருகிற பெண்ணின் கையில் ஒரு நாளைக்காவது கரண்டியைக் கொடுத்துப் பார்க்கட்டும். சுவர் கோணினால் இடித்துக் கட்டிக்கொள்ளலாம். கொத்தனார் கட்டினதும் கோணியிருக்கிறது.

சீட்டு ஒன்று வந்திருக்கிறது. 2023-ல் ஸ்ரீரங்கத்தில் மூன்று பெண்கள் அர்ச்சகர் பயிற்சி முடித்துச் சான்று பெற்றார்களே, அவர்களை அர்ச்சகி என்பதா என்று ஒரு தோழர் கேட்கிறார். அர்ச்சகர்தான். ஓதுவாருக்கும் அப்படியே, அதில் ஆண், பெண் முன்பே இல்லை. அந்த உத்தியோகமே அவசியமா என்பதை வேறொரு கூட்டத்தில் வைத்துக்கொள்ளலாம். அடுத்த சீட்டைக் கொடுங்கள்.